ரைட் வீட்டு விவாகரத்து மனு

1869ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அன்னா ரைட் என்ற பெண்மணிக்கு ஒரு மகள் பிறந்தாள். ஜேன் என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய அண்ணனோ, தான் பிறந்தது 1869 ஜூன் 8 என்று சொல்லிவந்தார். ஏப்ரலில் ஒரு பிரசவம், ஜூனில் இன்னொன்று. அதிலும் தங்கை முதலில் பிறக்கிறாள், அண்ணன் பின்னால் வருகிறார். ஒருவரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. 1959 ஏப்ரல் 9 அன்று ஃபீனிக்ஸ் நகரில் அவர் இறந்தபோது செய்தித்தாள்கள் வயது 89 என்றே போட்டன. இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் அவருக்கு 92 நிறைந்திருக்கும்.

அந்த அண்ணன் ஃபிராங்க் லாய்ட் ரைட். கட்டடக் கலை படித்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அருவிமேல் கட்டிய வீட்டில் தொடங்கி நிறுத்தாமல் பேசுவார்கள். நான் அந்த ஆள் இல்லை. ஒரு பிளானைக் கையில் கொடுத்தால் வாசல் எது, கொல்லை எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாகும். சில வருடங்கள் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். பெரும்பாலும் குடும்ப நீதிமன்ற வழக்குகள். அங்கே இருந்த மூத்த குமாஸ்தா, கட்சிக்காரர் என்ன கதை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் படியிறங்கிப் போனதும் சொல்வார்: "மனுஷன் பொய் சொல்லுவான் தம்பி, ரெக்கார்டு சொல்லாது." அந்த வாக்கியத்தை நான் முழுசாக நம்பியதும் இல்லை, தூக்கிப் போட்டதும் இல்லை. வேலையை விட்ட பிறகும் அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. ரைட்டின் சுயசரிதையையும், அவர் குடும்பத்தைப் பற்றி அரசாங்கமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் எழுதிவைத்த பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, குமாஸ்தாவோடு எனக்கிருந்த பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது.

தங்கைக்குத் தம்பி

விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்லண்ட் சென்டர் என்கிற சின்ன ஊரில் ரைட் பிறந்தார். எந்த வீட்டில் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பிறப்புச் சான்றிதழும் கிடையாது. பிறப்பைப் பதிய வேண்டும் என்று சட்டம் இருந்தாலும் 1907 வரைக்கும் அந்த மாநிலத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆகவே நேரடி ஆதாரம் ஒன்றும் இல்லை. சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும். தாய் தந்தையர் திருமணம் 1866 ஆகஸ்ட் 17. தங்கை ஜேன் பிறந்தது 1869 ஏப்ரல். 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேடிசன் நகரத்து ரைட் வீட்டில் பையனுக்குச் சொன்ன வயதும் 1867ஐத்தான் காட்டுகிறது. இதையெல்லாம் கோத்து ஒரு கட்டுரையாக எழுதியவர் தாமஸ் ஹைன்ஸ் என்ற வரலாற்று ஆய்வாளர். அது வெளிவந்த ஆண்டு 1967, அதாவது ரைட் நிஜமாகப் பிறந்து சரியாக நூறாவது வருடம். இன்றைக்கு அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2017இல் அவருடைய 150ஆவது ஆண்டுக்குக் கண்காட்சி வைத்தது.

இரண்டு வயதைக் குறைத்ததில் என்ன லாபம்? வயது குறைத்துச் சொல்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு, விடுங்கள் என்று போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு வருடத்தைத் தள்ளிப் போட்டதும் அவருடைய பால்ய கதைகள் எல்லாம் கொஞ்சம் பளபளப்பாகிவிடுவதைக் கவனித்தேன். 1876இல் ஃபிலடெல்பியாவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் அன்னா ஃப்ரோபெல் முறைக் கிண்டர்கார்டன் கட்டைகளைப் பார்க்கிறார். கனசதுரம், உருளை, கோளம் என்று மேப்பிள் மரத்தில் செய்த வடிவங்கள். மகனுக்கு வாங்கித் தருகிறார். அந்தக் கட்டைகள் கடைசிவரை தன் விரல்களிலேயே தங்கிவிட்டன என்று ரைட் சொல்வார். அழகான கதை, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1867 கணக்குப்படி அந்த வருஷம் பையனுக்கு 9 வயது. கிண்டர்கார்டன் கட்டையோடு உட்கார்ந்திருக்கும் 9 வயதுப் பையனைவிட 7 வயதுப் பையன் கதைக்குப் பொருத்தம். சிகாகோவுக்கு வேலை தேடிப் போனது 1887இல். இருபது வயதில் போனால் சாதாரணம், பதினெட்டில் போனால் மேதை. இதற்காகத்தான் ஆண்டை மாற்றினார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மாற்றியதில் இதெல்லாம் கூடவே வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

படிப்பும் அப்படித்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூன்றரை வருடம் பொறியியல் படித்ததாகவும், பட்டம் வாங்கச் சில மாதங்களே இருந்தபோது விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகப் பதிவில் இருப்பது: 1886 ஜனவரியில் சிறப்பு மாணவராகச் சேர்க்கை, இரண்டே பருவங்கள், அப்புறம் ஆள் இல்லை. 1955இல் அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பதிவேட்டை அன்றைக்கு யாரும் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது, அல்லது பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டார்களோ என்னவோ.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்னாவின் பிறந்த வீடான லாய்ட் ஜோன்ஸ் குடும்பத்துக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு குலவாக்கு இருந்தது. உலகமே எதிர்த்தாலும் உண்மையின் பக்கம் என்பது அதன் சாரம். ரைட் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இதுவரைக்கும் எண்ணிப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் குமாஸ்தாவுக்குத்தான்.

மனுதாரர் வில்லியம்

ரைட்டின் தந்தை வில்லியம் கேரி ரைட் பல தொழில் பார்த்தவர். பிரசங்கி, இசை ஆசிரியர், சட்டம் படித்தவர், நன்றாகப் பேசுவார். எதிலும் காசு நிற்காது. ஐயோவா, ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் என்று தேவாலயம் தேவாலயமாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் 1878 வாக்கில் மேடிசனுக்கு வந்தார். பாக், பீத்தோவன் எல்லாம் மகனுக்கு அவர் போட்ட பிச்சை. தேவாலய ஆர்கனுக்குக் காற்றடிக்கப் பையனை உட்காரவைத்துவிட்டு இவர் வாசிப்பார். கை சோர்ந்தாலும் நிறுத்த முடியாது. சிம்பொனி என்பது ஒலியால் எழுப்பிய கட்டடம் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மகன் பிற்காலத்தில் செய்த வேலையை நினைத்தால் இதைவிடப் பெரிய சீதனம் எந்தத் தகப்பனும் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் சுயசரிதையில் இந்த மனிதர் சீக்கிரமே வெளியேறிவிடுகிறார். வீட்டில் மனக்கசப்பு, அப்பா போய்விட்டார், அம்மா பிள்ளைகளோடு தனியாக நின்றாள். படிப்பவர் மனதில் நிற்கும் சித்திரம் இதுதான்: பொறுப்பில்லாத தகப்பன், தியாகியான தாய், தலையில் பாரத்தைத் தூக்கிக்கொண்ட மகன். அந்த மகன் தன் பெயரின் நடுவிலும் தாய்வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டார். பிறந்தபோது ஃபிராங்க் லிங்கன் ரைட் என்றிருந்ததாகச் சொல்வார்கள். லிங்கன் போய் லாய்ட் வந்தது.

நீதிமன்றக் காகிதம் வேறு கதை சொல்கிறது. 1884 டிசம்பரில் விவாகரத்து கேட்டு மனுப் போட்டவர் வில்லியம். எதிர்மனுதாரர் அன்னா. மனைவி தன்னை மனதளவிலும் உடலளவிலும் கொடுமைப்படுத்தினார், கணவன் என்ற முறையில் கைவிட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலத்தில் அவர் சொல்வதெல்லாம் அச்சில் வந்திருக்கின்றன. கடந்த இரண்டு வருடமாகத் தாம்பத்தியம் இல்லை. நீ மிதிக்கும் மண்ணைக்கூட வெறுக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். வீட்டிலேயே குளிர் அதிகமான அறையில் என்னைப் படுக்கவைத்தாள். கிழிந்த துணியைத் தைத்துத் தரமாட்டாள், வெளியே கொடுத்துத் தைக்கவேண்டியிருந்தது. அன்னா எதிர்வாதம் செய்யவில்லை. 1885 ஏப்ரலில் வில்லியம் கேட்டபடி தீர்ப்பு வந்தது.

இதைப் படித்ததும் வரும் சந்தோஷம் ஒருமாதிரியானது. ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். ரைட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்: சுயசரிதை பொய், நீதிமன்றப் பதிவு மெய், தகப்பன் பாவம், தாய் ராட்சசி. நானும் அந்த இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பட்டியலை மறுபடி படித்தபோது, வாசகனாகப் படிக்கவில்லை, தட்டச்சுக்காரனாகப் படித்தேன். இதேபோன்ற காகிதத்தை நானே எத்தனையோ முறை அடித்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் ஞாபகம் வருகிறது. நடுத்தர வயது, நல்ல வேலை. மனைவியைப் பிரிய வேண்டும் என்று வந்தவர், திரும்பத் திரும்ப ஒரு ஊறுகாய் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு பாட்டில் இருக்குமாம். ஒன்றில் மனைவி தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாராம். "என் பேரை ஒட்டக்கூட இல்லை சார், அவ பேரை மட்டும்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது கோர்ட்டுல நிக்காதுங்க. கை நீட்டினாங்களா? வீட்டை விட்டுப் போனாங்களா? எந்தத் தேதியில போனாங்க?" அரை மணி நேரத்தில் மனு தயார். எதிர்மனுதாரர் மனுதாரரை மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் துன்புறுத்தி வந்ததாகவும், குறிப்பிட்ட தேதி முதல் தாம்பத்திய உறவைத் துறந்து வாழ்வதாகவும், கனம் நீதிமன்றம் அவர்கள் கருணை கூர்ந்து என்று நானே அடித்தேன். ஊறுகாய் பாட்டில் எந்தப் பத்தியிலும் வரவில்லை. அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தார். "எல்லாம் சரிதான்" என்றார், யாரோ ஒருவருடைய மனுவைப் படித்தவர் மாதிரி.

பொய் மனு என்று சொல்லவரவில்லை. அவர் கஷ்டப்பட்டது நிஜம். ஆனால் எந்தக் கஷ்டத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதோ, அந்த வடிவத்தில்தான் அது காகிதத்தில் ஏறும். 1880களின் அமெரிக்காவில் விவாகரத்து வேண்டும் என்றால் இரண்டில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். ஒத்துப்போகவில்லை, பிரிகிறோம் என்று சொல்ல வழியே கிடையாது. யாரையும் குற்றம் சாட்டாத விவாகரத்து அங்கே கலிபோர்னியாவில் 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வில்லியத்துக்கு இருந்த வாய்ப்பு இவ்வளவுதான்: கொடுமை என்று சொல்லலாம், கைவிட்டாள் என்று சொல்லலாம். இரண்டையும் சொன்னார். இரண்டு வருடமாகத் தாம்பத்தியம் இல்லை என்ற வரியில் எனக்குப் பெண்டாட்டி மேல் கோபித்த கணவன் தெரியவில்லை. தேதி கேட்கும் ஒரு வக்கீல் தெரிகிறார்.

ஆனால் அந்தக் குளிர் அறை வேறு ரகம். அது சட்டத்துக்குத் தேவையில்லாத விவரம். எந்த அறையில் படுத்தார், அது எவ்வளவு குளிர்ந்தது என்பதை வைத்து எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை. மெண்டோட்டா ஏரிக்கரையிலிருந்து வீசும் காற்று, டிசம்பர் மாதம், அறுபதை நெருங்கும் ஒரு மனிதர். நீரெல்லாம் உறைந்து கிடக்கும் ஊரில் அடுப்புச் சூடு எட்டாத அறை என்றால் என்ன என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லா வரிகளும் வக்கீலின் வடிகட்டி வழியாக வந்திருக்க, இது மட்டும் எப்படியோ தப்பி உள்ளே வந்துவிட்டது. அந்த மனு முழுவதிலும் எனக்குச் சந்தேகமே வராத இடம் இதுதான். தைத்துத் தராத துணியையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்னா ஏன் வாய் திறக்கவில்லை? எக்ஸ்பார்ட்டி ஆன, அதாவது ஒரு தரப்பு வராமலே தீர்ப்பான கேஸ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிர்த்தரப்பு வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஒப்புக்கொண்டார்கள் என்பது அதில் ஒன்றுதான். அண்ணன் தம்பிகள் போகவேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். லாய்ட் ஜோன்ஸ் சகோதரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் செல்வாக்கானவர்கள். அதில் ஜென்கின் சிகாகோவில் பெயர்பெற்ற யூனிட்டேரியன் பிரசங்கி. வழக்கை இழுத்தால் படுக்கையறைச் சண்டை எல்லாம் ஊர் வாயில் விழும். பேசாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும், பிள்ளைகளும் தாயிடமே இருப்பார்கள். நடந்ததும் அதுதான். ஆனால் அதற்கு அன்னா கொடுத்த விலை, குற்றவாளி என்ற இடத்தில் தன் பெயர் நிரந்தரமாக உட்கார்ந்ததே. பத்து வயதுகூட நிறையாத கடைக்குட்டி மேஜினெல் வரைக்கும் மூன்று பிள்ளைகளோடு அலைந்து திரிந்த பதினெட்டு வருட வாழ்க்கைக்கு அவரிடம் ஒரு கணக்கு இல்லாமலா இருந்திருக்கும்? எதிர்வாதம் என்று ஒன்று தாக்கல் ஆகியிருந்தால் அதைப் படிக்க நான் ரைட்டின் சுயசரிதை முழுவதையும் கொடுத்துவிடுவேன்.

இப்போது மகனிடம் வரலாம். தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது பதினேழு. நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தவர்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. விழுந்ததெல்லாம் வீட்டில் பேசியதுதான். கோர்ட்டில் பேசாத தாய் வீட்டிலும் பேசாமல் இருந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்பது மகன் இட்டுக்கட்டியது என்று சொல்கிறவர்கள், அந்த வீட்டில் அடுத்த நாள் காலையில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. பெட்டியோடு வாசலைத் தாண்டியவர் அப்பா. வீட்டில் இருந்தவள் அம்மா. பதினேழு வயதுக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். மனுவில் மனுதாரர் யார் என்பது அவனுக்கு எதற்கு? பிறந்த வருடத்தை மாற்றியதையும் மூன்றரை வருடப் படிப்பையும் நான் பொய் என்பேன். தகப்பனைப் பற்றி எழுதியதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அன்னா தாக்கல் செய்யாத எதிர்வாதம், நாற்பத்தேழு வருடம் தாமதமாக, 1932இல், மகன் கையெழுத்தில் வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

மூத்த தாரத்துப் பிள்ளைகள்

அதற்காக அன்னாவைத் தெய்வமாக்கவும் முடியாது. வில்லியத்துக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி பெர்மிலியா 1864இல் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற மூன்று பிள்ளைகளும் சித்தியிடம் வளர வந்தார்கள். அந்த மூவரில் ஒரே பெண்ணான எலிசபெத், பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதிவைத்தார். சித்தியிடம் வாங்கிய அடியும், சித்திக்கு வரும் ஆவேசமும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளை இங்கே விட்டுவைக்கக் கூடாது என்று பெர்மிலியாவின் உறவினர்கள் வந்து அழைத்துக்கொண்டு போகும் அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது. எந்த நீதிமன்றமும் கேட்காமல், எந்த வக்கீலும் திருத்தாமல் எழுதியது. சித்திக்கும் மூத்தாள் பிள்ளைக்கும் நடுவே உள்ள மனத்தாங்கல் அதில் கலந்திருக்கும்தான். இருந்தாலும் வில்லியத்தின் மனுவுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றிப் பேசுகின்றன.

ரைட்டின் சுயசரிதையில் இந்த மூன்று பேரும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே தகப்பனின் பாட்டைக் கேட்டவர்கள். வில்லியத்தைப் பற்றி எழுதியதை மன்னித்த எனக்கு இதை மன்னிக்க மனம் வரவில்லை. தகப்பன் விஷயத்தில் அவர் கேட்டதை எழுதினார் என்று சொல்லலாம். இவர்கள் விஷயத்தில் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டார்.

வில்லியம் 1904இல் இறந்தார். உடலை பேர் வேலி என்ற இடத்துக்குக் கொண்டுவந்து, நாற்பது வருடத்துக்கு முன் போன பெர்மிலியாவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அன்னா வீட்டாரின் பள்ளத்தாக்கிலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை. மகன் வரவில்லை. அப்போது ரைட் ஊரறிந்த கட்டடக் கலைஞர், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் ஆறு பிள்ளைகளோடு பெரிய குடும்பஸ்தர். 1923இல் அன்னா இறந்தபோதும் அவர் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனை மட்டும் ஒதுக்கினார் என்று தோன்றிவிடும்.

சான்றிதழ் இல்லாதவர்கள்

அவருடைய சொந்தக் குடும்பத்துக்கு வந்தால் குமாஸ்தாவின் கட்சி இன்னும் தடுமாறுகிறது. பதிவேட்டின்படி ரைட்டுக்கு மூன்று மனைவியர். 1889இல் கேத்தரின் டோபின். 1923இல் மிரியம் நோயல். 1928இல் ஓல்கிவானா. இதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்க்கையை எழுதினால் மேமா போர்த்விக் என்ற பெயர் வரவே வராது. 1909இல் கேத்தரினையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ரைட் ஐரோப்பாவுக்குப் போனது இந்த மேமாவோடுதான். அவருடைய கணவர் 1911இல் விவாகரத்துக்குச் சம்மதித்துவிட்டார். கேத்தரின் 1922 வரை சம்மதிக்கவில்லை. ஆகவே டாலியெசின் என்று பெயரிட்டு ரைட் கட்டிய வீட்டில் மேமா வாழ்ந்த காலம் முழுவதும் எந்த அரசாங்கக் காகிதத்திலும் அவருக்கு மனைவி என்ற இடம் கிடையாது. 1914 ஆகஸ்ட் 15 அன்று வேலைக்காரன் ஒருவன் அந்த வீட்டுக்குத் தீ வைத்துக் கோடரியால் வெட்டியதில் மேமாவும் அவருடைய இரண்டு குழந்தைகளும் உட்பட ஏழு பேர் செத்தார்கள். ரைட் அன்று சிகாகோவில் இருந்தார். திரும்பி வந்து மேமாவைத் தன் தாய்வீட்டுக் கல்லறை வளாகத்தில் புதைத்தார், கல் நடவில்லை. தாலி கட்டிய உறவாக இருந்திருந்தால் குறைந்தபட்சம் ஒரு சான்றிதழாவது மிஞ்சியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் மிரியம். கல்யாணச் சான்றிதழ் உண்டு, ஆனால் கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் பிரிந்தாயிற்று. அப்புறம் 1927 வரை கோர்ட், போலீஸ், பத்திரிகைப் பேட்டி என்று குவிந்த காகிதத்துக்கு அளவில்லை. பக்கங்களை எண்ணித்தான் ஒருத்தி ஒருவன் வாழ்வில் எவ்வளவு இடம் பிடித்தாள் என்று முடிவுகட்டுவோமானால் மிரியம்தான் ரைட்டின் வாழ்க்கை. ஓல்கிவானாவோடு அவர் வாழத் தொடங்கி, 1925இல் மகள் ஐயோவானா பிறந்தபோதும் சட்டப்படி மனைவி மிரியம். 1926 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஏரிக்கரை வீடொன்றில் மறைந்திருந்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. போட்ட வழக்கு மான் சட்டத்தின் (Mann Act) கீழ். தவறான நோக்கத்தோடு பெண்ணை மாநில எல்லை தாண்டிக் கூட்டிச் செல்வதைத் தடுக்க, விபசாரத் தரகர்களை மனதில் வைத்து எழுதியது. குற்றச்சாட்டு பிறகு விலக்கப்பட்டது. ஆனால் கைது கைதுதான், பதிவு பதிவுதான். முப்பது வருடத்துக்கு மேல் நீடித்து அவர் சாவில் முடிந்த உறவு, அரசாங்கப் பதிவில் நுழைந்தது ஒரு குற்ற வழக்காக.

1959இல் ரைட்டை விஸ்கான்சினில், தாய்வீட்டார் சர்ச்சான யூனிட்டி சேப்பல் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். தாயும் மேமாவும் பக்கத்தில் இருந்தார்கள். 1985இல் ஓல்கிவானா இறந்தார். கணவருடைய உடலைத் தோண்டி எடுத்து எரித்து, தன் சாம்பலோடு சேர்த்து அரிசோனாவில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். விஸ்கான்சினில் பெரிய கோபம் கிளம்பியது, உறவுக்காரர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. எதிர்த்து என்ன செய்வது? மேமாவின் பக்கத்தில் அவர் இருக்கட்டும் என்று கேட்க மேமாவின் தரப்பில் எந்தக் காகிதமும் இல்லை. ஓல்கிவானாவிடம் 1928ஆம் வருடச் சான்றிதழ் இருந்தது. காரியம் நடந்துவிட்டது. பழைய இடத்தில் கல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கல்லில் ரைட்டின் பெயர் அப்படியே இருக்கிறது, அந்த வளாகத்துக்குக் கல்லறைப் பட்டியல் தயாரிக்கிறவர் அவரை அங்கே அடங்கியவராகவே எழுதிக்கொள்வார். எங்கள் குமாஸ்தா கையில் அந்தப் பட்டியல் கிடைத்தால் அடியில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.